கயிறு எங்கே போகிறது? மைன்ஸ்வீப்பர் மாதிரியின் பின்தளத்தைச் சரியாக அமைக்க

ஐ.என்.எஸ். பாண்டிச்சேரி, ஐ.என்.எஸ். கடலூர். நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் என்றால் மாதிரி செய்து பார்க்க ஆசை வரத்தான் செய்யும். இரண்டும் ஒரே வகை. இந்தியக் கடற்படைக்காக சோவியத் நாட்டில் கட்டப்பட்ட 12 மைன்ஸ்வீப்பர்களில், அதாவது கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில், பாண்டிச்சேரி (எம்61) 1978-ல் வந்த முதல் தொகுதி. கடலூர் (எம்69) 1986-88-ல் வந்த இரண்டாம் தொகுதி. 2018-ல் ஓய்வு பெற்றது. நீளம் சுமார் 61 மீட்டர். 1/100 அளவில் 61 செ.மீ., 1/350-ல் 17.4 செ.மீ.

முன்பாதியில் பெரிய குழப்பம் வராது. ஏகே-230 பீரங்கி, பிரிட்ஜ், மாஸ்ட், ரேடார் எல்லாம் படத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரியும். மாட்டிக்கொள்வது பின்தளத்தில்தான். டிரம், வளைந்த கை, உருளை, சட்டம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது என்ன என்று தெரியாமல், படத்தில் தெரிந்த உருவத்தை மட்டும் செதுக்கி ஒட்டினால், விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்: கயிறு போக வழியே இருக்காது.

பின்தளம் கயிறு இழுக்கும் இடம். முதலில் இயக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தொடுகை ஸ்வீப்பில் கப்பலுக்குப் பின்னால் கம்பிக் கயிறு விரிக்கப்படுகிறது. கப்பலுக்கு அருகே இருக்கும் கைட் என்ற கருவி கயிற்றைக் கீழே அழுத்தும். தூரத்து முனையில் உள்ள ஓட்டர் என்ற கருவி அதைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துப் போகும். ஓட்டர் ஆழத்துக்குப் போய்விடாமல் மேலே ஒரு மிதவை தாங்கிப் பிடிக்கும். கயிற்றில் மாட்டிய கட்டர்கள் கண்ணிவெடியின் நங்கூரக் கம்பியை அறுத்ததும் வெடி மேலே மிதந்து வரும். பிறகு சுட்டு அழிப்பார்கள். முதல் உலகப்போரில் ஓரோபெசா என்ற டிராலரில், அதாவது இழுவலைப் படகில், உருவான முறை என்பதால் அந்தப் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

மீன்பிடிப் படகில் பிறந்த முறை என்பது நமக்கு வசதி. கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ நிற்கும் இழுவலை விசைப்படகின் பின்பக்கம் போய் நில்லுங்கள். கயிறு சுற்றும் இயந்திரமான வின்ச்சிலிருந்து கயிறு கிளம்பி, கப்பியில் திரும்பி, பின்விளிம்பைத் தாண்டி, வலையின் வாயை விரிக்கும் பலகைக்குப் போவது அப்படியே தெரியும். மைன்ஸ்வீப்பரின் ஓட்டர் செய்வதும் அதே வேலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும், சில மேலேற்றப்பட்டிருக்கும். சுக்கானும் ஃபேனும் (புரொப்பல்லர்) பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இனி படத்துக்கு வருவோம். வின்ச்சிலிருந்து தொடங்கி, கயிறு போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே போங்கள். டிரம்முக்கு நேரே பின்விளிம்பில் ஒரு ரோலரோ, கயிற்றை வழிநடத்தும் ஃபேர்லீடோ இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வின்ச் என்று நினைத்தது வேறு ஏதோ. சுருட்டிய கயிறு மெலிதாக இருந்தால் அது தொடுகை ஸ்வீப். பெரிய டிரம்மில் தடிமனாகச் சுற்றியிருந்தால் அது காந்தப்புலத்தால் வெடிக்கும் கண்ணிகளுக்கான காந்த ஸ்வீப்பின் மின்கேபிள். இரண்டுக்கும் ஒரே கம்பியைச் சுற்றிவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

சுறா உடம்பு வாக்கில் நீண்டு, வால் துடுப்போடு தொட்டிலில் கிடப்பது ஸ்வீப் மிதவை. பல பேர் இதை டார்பிடோ என்று நினைத்துக் கறுப்படித்துவிடுகிறார்கள். மேலே கொடிக்கம்பு செருகும் இடம் தெரிகிறதா பாருங்கள். வரிசையாகத் தகடுகள் பொருத்திய சட்டம் ஓட்டர் அல்லது கைட்; இரண்டும் ஒரே ஜாடை, ஆனால் கைட் நடுக்கோட்டருகே, ஓட்டர் இரு ஓரங்களில். இவற்றைக் கடலில் இறக்கும் வளைந்த கை டேவிட். ஓரத்தில் வெள்ளையாக, நடுவில் இணைப்புப் பட்டியோடு சாய்ந்து கிடக்கும் உருளை உயிர்காப்பு மிதவைப் பெட்டி. அதை டெப்த் சார்ஜ் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) என்று சாம்பல் பூசிவிடாதீர்கள்.

நம் கப்பல்களுக்கு மூலமான, சோவியத் கடற்படையின் நாத்யா வகைக் கப்பல் படங்கள் இணையத்தில் ஏராளம். அதே வகைதான் என்று பின்தளத்தை அப்படியே எடுக்கக் கூடாது. டேவிட் அமைப்பு கப்பலுக்குக் கப்பல் வேறுபடலாம். பக்கவாட்டு எண்ணைப் படித்து, உங்கள் கப்பல்தானா என்று உறுதி செய்யுங்கள். எண் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தையே யாரோ கண்ணாடிபோல் புரட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெறும் சமயத்துப் படங்களில் கருவிகள் கழற்றப்பட்டிருக்கலாம், தார்ப்பாய் மூடியிருக்கலாம். ஆண்டை முடிவு செய்துவிட்டு, அதை ஒட்டிய படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்குக் கைப்பிடிக் கம்பி உதவும். அதன் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர். அதே தூரத்தில் உள்ள வின்ச் அதைவிட 1.4 மடங்கு உயரம் என்றால் 1/100-ல் 14 மி.மீ., 1/350-ல் 4 மி.மீ. கம்பி முன்னால், வின்ச் பின்னால் என்றால் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

கயிற்றுக்கு 1/100-ல் பழைய மின் ஒயரைப் பிரித்தால் கிடைக்கும் செம்பு இழை, சுமார் 0.2 மி.மீ., சரியாக இருக்கும். 1/350-ல் அதுவே வடம்போல் தெரியும். அங்கே சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் இழைதான். டேவிட்டுக்கு 1/100-ல் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி, ஒட்டும் இடத்தில் துளையிட்டு ஊன்றுங்கள், வெறும் பசை நிற்காது. துளைகளைத் தளத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நம் கடற்கரைக் காற்று தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூப்பர் குளூ சுற்றிலும் வெண்புகை படியும், லாக்கர் பெயின்ட் மங்கி வெளுக்கும். மெல்லிய கயிறுகளுக்கு வெள்ளைப் பசை போதும். பித்தளையை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ப்ரைமர் அடித்த பிறகே பெயின்ட். இல்லாவிட்டால் சில மாதத்தில் உரிந்து வரும். பின்விளிம்புக் கைப்பிடிக் கம்பியைக் கடைசியில் ஒட்டுங்கள், கயிறு வெளியேறும் இடங்களில் இடைவெளி விட்டு.