சாலை இல்லாத ஊர்களும் விமான உரிமமும்: கனடாவின் வடக்கிலிருந்து சில குறிப்புகள்

கனடாவின் நூனவுட் ஆட்சிப்பகுதியில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. தெற்கே உள்ள மாகாணங்களுக்கும் கிடையாது. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், 2021 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 37,000 பேர்தான் வாழ்ந்தார்கள். பெரும்பான்மையோர் இனுயிட் மக்கள். கடற்பனி விலகும் கோடைக்காலத்தில் மட்டும் கப்பல் வரும். மற்ற மாதங்களில் பாலும் மருந்தும் தபாலும் வருவதற்கும், பிரசவத்துக்காகச் சில வாரங்கள் முன்னதாகவே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிய தாய் போவதற்கும் விமானம் ஒன்றே வழி.

விமான நிறுவனங்களுக்கு உரிம விண்ணப்பங்களும் வழித்தடக் கணக்குகளும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அங்கு வேலைக்குப் போய்வந்த நம்மவர்கள், பயணச்சீட்டின் விலையைப் பார்த்து அதிர்ந்துபோய், "இன்னொரு கம்பெனிக்கு அரசாங்கம் ஏன் உரிமம் கொடுக்க மாட்டேன் என்கிறது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. உரிமத்தை யாரும் தடுத்து வைத்திருக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது; அதை வடபகுதி மக்களும் அங்கு பணிபுரியப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கனடாவுக்குள் பயணிகளையோ சரக்கையோ பொதுச் சேவையாக ஏற்றிச் செல்ல விரும்பும் நிறுவனம் இரண்டு தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, போக்குவரத்து அமைச்சு தரும், விமானங்களை இயக்குவதற்கான சான்றிதழ். விமானம், விமானி, பராமரிப்பு ஆகியவை பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பதை அது பார்க்கிறது. மற்றது, கனடியப் போக்குவரத்து முகமை தரும் உரிமம். உடைமை கனடியர் கையில் இருக்கிறதா, காப்புறுதி போதுமா, பெரிய விமானமென்றால் தொடக்க மாதங்களைத் தாங்கும் பணம் இருக்கிறதா என்பதை அது பார்க்கிறது. அந்த ஊருக்கு இன்னொரு நிறுவனம் தேவையா, வந்தால் ஏற்கெனவே பறப்பவர் நிலைகுலைவாரா என்ற கேள்வி இந்த இரண்டு தாள்களிலும் இல்லை.

முன்பு இருந்தது. 1987ஆம் ஆண்டின் தேசியப் போக்குவரத்துச் சட்டம் தெற்கே போட்டியைத் திறந்துவிட்டபோது, வடக்கை மட்டும் தனியாக வரையறுத்து, புதிய உரிமத்தால் சேவை கணிசமாகக் குறையும் அல்லது நிலையற்றுப் போகும் என்று எதிர்ப்பவர் நிரூபித்தால் உரிமத்தை மறுக்கலாம் என்று இடம் வைத்திருந்தது. 1996இல் வந்த கனடா போக்குவரத்துச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து, சட்டத்தின் பார்வையில் டொராண்டோ – மொன்றியால் தடமும், நூனவுட்டின் ரெசொலூட் என்ற ஊரிலிருந்து சுமார் 150 பேர் வாழும் கிரைஸ் ஃபியோர்டுக்குப் போகும் தடமும் ஒன்றுதான்.

நடைமுறையில் அவை ஒன்றல்ல. நூனவுட்டில் இக்காலூயிட், ரேங்கின் இன்லெட் ஆகிய இரண்டு ஊர்களில்தான் தார் போட்ட ஓடுபாதை உண்டு. மற்ற எல்லா ஊர்களிலும் சரளைக்கல் பாதை. கிரைஸ் ஃபியோர்டின் பாதை மலைக்கும் கடலுக்கும் நடுவே அவ்வளவு குறுகலாக இருப்பதால், 19 பேர் அமரக்கூடிய ட்வின் ஒட்டர் போன்ற சிறு விமானமே அங்கு இறங்க முடியும். விமான எரிபொருளும் வருடத்துக்கு ஒருமுறை கப்பலில்தான் வருகிறது.

இந்தத் தொழிலின் கணக்கு புரிய வேண்டுமென்றால் வடக்கே பறக்கும் ஒரு ஏடிஆர் 42 விமானத்துக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். பயணிகள் பின்கதவு வழியாக ஏறி உட்கார்ந்தால், எதிரே நாலைந்து வரிசை தள்ளி ஒரு தடுப்புச் சுவர் நிற்கும். அதற்கு அப்பால் வலை போட்டு இறுக்கிய முட்டைப் பெட்டிகள், டயப்பர் கட்டுகள், பனிவண்டிக்கான உதிரிப் பாகங்கள். சரக்கு அதிகமான நாளில் அந்தச் சுவரைப் பின்னால் நகர்த்துவார்கள், இருக்கைகள் குறையும். ஆள் அதிகமான நாளில் முன்னால் நகர்த்துவார்கள். வடக்கே போகும்போது நிறைந்திருக்கும் அந்த முன்பாதி, தெற்கே திரும்பும்போது காலியாக இருக்கும். அந்த வெறும் இடத்துக்கான எரிபொருளும் போகும்போது ஏற்றிய முட்டையின் விலையில்தான் ஏறுகிறது. இப்படி ஒரு தடத்தில் இரண்டு நிறுவனங்கள் ஒரே நாளில் பறந்தால், பாதி நிறைந்த இரண்டு விமானங்களின் செலவை அந்தச் சிற்றூர் சுமக்கும்.

அதனால் புதிதாக வருபவர் சிற்றூருக்கு வருவதில்லை. ஒட்டாவா – இக்காலூயிட் போன்ற பெருந்தடத்துக்குத்தான் வருவார். ஏர் கனடா 2010இல் அந்தத் தடத்தில் இறங்கியது. கட்டணம் குறைந்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். 2011இல் அது விலகிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் பெருந்தடத்தின் லாபத்தைக் கொண்டு கிளைத்தடங்களைத் தாங்கிவந்த நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பைப் பற்றிப் பயணிகள் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கணக்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மறுபக்கம், போட்டியே இல்லாமல் போவதையும் நான் ஆதரிக்கவில்லை. வடக்கில் பறந்துவந்த ஃபர்ஸ்ட் ஏர், கனடியன் நார்த் என்ற இரண்டு நிறுவனங்களுமே இனுயிட் அமைப்புகளுக்குச் சொந்தமாக இருந்தவை. 2015 முதல் 2017 வரை இருக்கைகளைப் பகிர்ந்து பறந்து பார்த்து, பிரிந்து, பின்பு 2018இல் இணைவதாக அறிவித்தன. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டிப் பணியகம் 2019 பிப்ரவரியில் தந்த அறிக்கை, இணைப்பு பல தடங்களில் போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் என்று எச்சரித்தது. ஆனால் பொதுநலன் கருதி எடுக்கப்படும் இத்தகைய இணைப்பு முடிவு மத்திய அமைச்சரவையின் கையில் இருக்கிறது. இயக்கச் செலவு உயரும் அளவுக்கு மேல் கட்டணத்தை உயர்த்தக்கூடாது, வாரத்துக்குக் குறைந்தது ஒரு பறப்பாவது இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளுடன் அமைச்சரவை 2019 ஜூனில் ஒப்புதல் தந்தது. 2025இல் அந்த ஒருங்கிணைந்த நிறுவனத்தை, ஏற்கெனவே நூனவுட்டின் கிவாலிக் வட்டாரத்தில் பறக்கும் காம் ஏர் நிறுவனத்தை வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் இன்கம் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது.

ஒரே கையில் எல்லாம் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா உதாரணம். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்துகொண்டிருந்த ரேவன் ஏர் நிறுவனம் 2020 ஏப்ரலில் திவாலாகிச் சேவையை நிறுத்தியபோது, பல கிராமங்கள் ஒரே நாளில் தபாலுக்கும் உணவுக்கும் தவித்தன.

என்னுடைய நிலைப்பாடு இதுதான்: வடக்கில் போட்டி வானத்தில் நடக்க வேண்டியதில்லை, டெண்டரில் நடக்கட்டும். நார்வேயில் வடபகுதிச் சிறு விமான நிலையங்களுக்கு இத்தனை பறப்பு, இத்தனை இருக்கை, இவ்வளவுக்கு மேல் கட்டணம் கூடாது என்று அரசே வரையறுத்து, மிகக் குறைந்த உதவித்தொகை கேட்பவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடத்தைக் கொடுக்கிறது. கனடாவில் நோயாளிகளை அழைத்துச் செல்லும் அரசு ஒப்பந்தம்தான் பல தடங்களுக்கு உயிர்நாடி. அந்த ஒப்பந்தத்தைப் போடும்போதே ஊர் ஊருக்கான சேவைக் கடமையையும் எழுதிவிடலாம் என்பது நான் கலந்துகொள்ளும் கூட்டங்களிலெல்லாம் வலியுறுத்துவது.

அதுவரை, இருக்கும் சட்டத்தில் இரண்டு பிடிமானங்கள் உண்டு. ஒரு நிறுவனம் விலகுவதால் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சும் அல்லது எதுவுமே மிஞ்சாது என்ற நிலை வந்தால், பொதுவாக 120 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஊராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு பேசவும் வாய்ப்பளிக்க வேண்டும். தொடர்ந்து பறக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் அந்த நான்கு மாதங்களில் மாற்று நிறுவனத்தைத் தேட முடியும். இரண்டாவது, ஒரு தடத்தில் ஒரே நிறுவனம் பறக்கும்போது பயணக் கட்டணமோ சரக்குக் கட்டணமோ நியாயமற்றது என்று முகமையிடம் எழுத்தில் முறையிடலாம். முகமை அதைக் குறைக்கவும், அதிகம் வாங்கியதைத் திருப்பித் தரவும் உத்தரவிட முடியும். அந்தத் தடத்தின் பழைய கட்டணங்களையும், அதுபோன்ற பிற தடங்களின் கட்டணங்களையும் முகமை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிடத்தக்க தடங்களும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கும்போது, பழைய கட்டணமே வலுவான சான்றாக நிற்கிறது. ஆகவே சீட்டுகளையும் சரக்கு ரசீதுகளையும், பயணத் தேதியோடும் எடையோடும், தூக்கிப் போடாமல் ஊர் மன்ற அலுவலகத்தில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.