ஆல்பம்: சொல்லும் பொருளும்

‘ஆல்பம்’ என்னும் சொல் தமிழில் இன்று மூன்று பொருள்களில் வழங்குகிறது: குடும்பப் படங்களை ஒட்டி வைக்கும் ஏடு, ஒரு பெயரில் வெளியாகும் பாடல்களின் தொகுதி, சமூக ஊடகத்தில் ஒருவர் தலைப்பிட்டுப் பகிரும் படங்களின் திரட்டு. இசைத்தட்டுகளை உறைகளில் செருகிப் புத்தகம்போலக் கட்டி விற்ற வழக்கத்தால் பாடல் தொகுதிக்கு அப்பெயர் வந்தது. அதை இங்கே விட்டுவிடலாம்.

இலத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெண்மை. பழைய உரோமில் வெள்ளை பூசிய அறிவிப்புப் பலகையே ‘அல்பும்’ எனப்பட்டது. நீதி அதிகாரிகளின் ஆணைகளும் மன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலும் அதில் எழுதி, ஊரார் காண வைக்கப்பட்டன. ஆணை எழுதிய பலகையைச் சிதைப்பது தண்டனைக்குரிய குற்றம். 16ஆம் நூற்றாண்டில் விட்டன்பெர்க் முதலிய ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையொப்பமும் வாழ்த்தும் வாங்கிச் சேர்த்த ஏட்டுக்கு, ‘நண்பர்களின் ஆல்பம்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் அமைந்தது. பள்ளி இறுதி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டு இந்த வழியில் வந்ததுதான். 1854இல் பாரிசில் திஸ்தேரி என்பவர் ஒரே ஒளிப்படத் தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், சிறு அட்டைகளில் ஒட்டிய ஒளிப்படங்கள் மலிந்தன. அவற்றைச் செருகி வைக்க எழுந்த ஏடுகளால், கையொப்பத்துக்கு உரிய சொல் படத்துக்கு உரியதாயிற்று.

ஊரறியும் பலகையாக இருந்தது வீட்டுப் பெட்டிக்குள் போய், இப்போது மீண்டும் ஊரார் கண்முன் வந்திருக்கிறது. கறுப்புத் தாளும் மூலைகளைப் பிடிக்கும் முக்கோண ஒட்டுகளும் இடையில் பட்டர் பேப்பரும் கொண்ட பழைய ஆல்பத்தில் காதுகுத்து, வளைகாப்பு, திருமணம், அறுபதாம் கல்யாணம் என்று வாழ்க்கையின் சில நாள்களே இடம்பெறும். எஞ்சிய கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அத்தையோ பாட்டியோ சொல்ல வேண்டும். சொல்பவர் மாறினால் கதையும் சற்று மாறும். ஃபேஸ்புக்கில் 2005 முதல் படங்களைப் பகிரும் வசதியும் 2011 முதல் வாழ்க்கையைக் கால வரிசையில் அடுக்கும் பக்க அமைப்பும் வந்தபின், நிகழ்ச்சி முடிவதற்குள் படமும் அதற்கான வாசகமும் ஏறிவிடுகின்றன. அவசரமாக எழுதிய அந்த ஒரு வரியே பத்து ஆண்டு கழித்தும் அந்த நாளுக்குப் பொருளாக நிற்கிறது. எந்தப் படத்துக்கு விருப்பக்குறி மிகுதியோ, அந்த நாளே வாழ்வில் பெரிய நாள் என்று நாமும் நம்பத் தொடங்குகிறோம். மருத்துவமனையில் கழிந்த மாதங்களும் வேலையின்றி இருந்த ஆண்டும் பெரும்பாலும் அந்த வரிசையில் வருவதில்லை. பழைய ஆல்பத்திலும் அவை இருந்ததில்லை. ஆனால் அதை யாரும் முழு வரலாறு என்று எண்ணியதில்லை.

தமிழில் ‘படத்தொகுப்பு’ என்பது எளிய சொல்தான். எனினும் திரைத்துறையில் அது வெட்டி ஒட்டும் பணியைக் குறித்து வேரூன்றிவிட்டது. ‘படவேடு’ என்று சேர்த்து எழுதினால் திருவண்ணாமலை மாவட்டத்து ரேணுகாம்பாள் கோயில் ஊர் நினைவுக்கு வரும்! ‘படத்தொகை’ காதுக்கு இனியது, ஆனால் ஓர் எழுத்து பிசகினால் பணமாகிவிடும். தாளில் உள்ளதற்குப் ‘பட ஏடு’ எனப் பிரித்து எழுதுவதும், இணையத்தில் உள்ளதற்கு ‘ஒளிப்படத் தொகுப்பு’ என்பதும் தக்கவை என்பது என் கருத்து.

‘தொகுப்பு’ என்னும் சொல்லை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சங்கத் தொகை நூல்களுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என இருவரைக் குறிப்பது மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இன்றைய ஒளிப்படத் தொகுப்புக்கும் இக்கேள்வியைக் கேட்கலாம். 2015இல் ஃபேஸ்புக் ‘இதே நாளில்’ என்று பழைய படங்களை எடுத்துக் காட்டத் தொடங்கியது. நம் கைப்பேசியிலுள்ள செயலிகளும் இப்போது தாமே படம் பொறுக்கி, இசை கூட்டி, ‘நினைவுகள்’ எனப் பெயரிட்டு நீட்டுகின்றன. அத்தகைய தொகுப்பில் படம் நம்முடையது, தொகுத்தது கணினி நிரல், தொகுப்பித்தது நிறுவனம்.