தொட்டி நிரம்பி வழிந்தால் சோலார் பேனல் என்ன செய்யும்?

போன மாதம் மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைத்தார்கள். பொது மின்இணைப்புக்கு 5 கிலோவாட் சோலார் போட்டு ஒரு வருஷம் ஆகிறதாம். "கரண்ட் பில் நாங்க நெனச்ச மாதிரி குறையவே இல்ல சார். பேனல்காரன் ஏமாத்திட்டான். வந்து பாத்து ஒரு ரிப்போர்ட் குடுங்க" என்றார் சங்கச் செயலாளர். எனர்ஜி ஆடிட், அதாவது மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் வேலையில் இருக்கும் எனக்கு இந்த வருஷம் இதே குறையுடன் வந்த எத்தனையாவது அழைப்பு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் மொட்டை மாடிக்கு ஏறினேன். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் தளத்தில் ஓடி, கீழ் வரிசைப் பேனல்கள்மேல் தெறித்து, வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கீழே வந்து வாட்ச்மேனிடம் கேட்டேன். "டேங்க் ரொம்பிருச்சுன்னா தண்ணி விழுகிற சத்தம் கேக்கும்ணே. கையில இருக்க வேலைய முடிச்சிட்டு வந்து நிப்பாட்டிருவேன்" என்றார். அவர்மேல் தப்பு இல்லை. தானாக நிற்கும் வசதியை யாரும் வைத்துக் கொடுக்கவில்லை.

மோட்டார் 7.5 எச்பி, மூன்று முறை காயில் கட்டியது. வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 6.5 யூனிட் இழுக்கிறது. காலையில் முக்கால் மணி நேரம், இரவில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வீணாக வழிகிறது. அதாவது தினமும் ஏறக்குறைய 10 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட். அதில் பாதியை அந்தத் தொட்டியே தளத்தில் ஊற்றிவிடுகிறது! பேனல் வேலை செய்கிறது. உப்புப் படிந்த வரிசையும், பிற்பகலில் தொட்டியின் நிழல் விழும் இரண்டு பேனல்களும் தவிர, மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

"சோலார் போட்டாச்சு, இனி மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை" என்கிற எண்ணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள், கடை முதலாளிகளும் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேனல் தருவது பகலில். மதுரை தூங்கா நகரம். இட்லிக் கடைகள் நள்ளிரவு தாண்டியும் ஓடுகின்றன, மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு லைட், ஃபேன், ஏசி, டிவி எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்தில் உங்கள் பேனல் ஒரு யூனிட்கூடத் தராது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, தேனிப் பக்கத்துக் காற்றாலைகள் கை கொடுக்கும். மற்ற மாதங்களில் இரவு மின்சாரத்தின் பெரும்பகுதி தூத்துக்குடி போன்ற ஊர்களில் நிலக்கரி எரித்துத்தான் வருகிறது. இருவழி மீட்டர் பகலில் கொடுத்ததை இரவில் எடுத்ததோடு கழித்துக் காட்டும். அது பில்லில் போடும் கணக்குதான். நிலக்கரி அடுப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. இரவில் ஒரு யூனிட் பசுமையாக வேண்டுமென்றால், அதைச் செலவழிக்காமல் இருப்பதுதான் இன்றைக்கு நம் கையில் இருக்கும் நல்ல வழி.

ஃபேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். நான்கு ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்குப் போடும் விதமே மாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க, பல வீடுகளுக்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "மதுரை வெயிலுக்குப் பேனல் பிச்சிக்கிட்டு வேலை செய்யும்" என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலுக்குச் சொல்லும் வாட் கணக்கு, பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியம் மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். எனவே தளத்தோடு ஒட்டிப் போடாமல் கீழே காற்றோட்டம் விடுங்கள்.

நகரம் என்று பார்த்தாலும் இதே கதைதான். எந்த மாநகராட்சியிலும் மின்செலவில் பெரும்பங்கு தண்ணீர் ஏற்றுவதற்கும் தெருவிளக்குக்கும் போகிறது. தெருவிளக்கை எல்இடியாக மாற்றுவது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பம்ப் ஹவுஸை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தேவைக்கு மேல் பெரிய மோட்டார், பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்து போனது, பாதி மூடிய வால்வு என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். என் ஆசை ஒன்றுதான். வார்டுக்கு வார்டு இருக்கும் மேல்நிலைத் தொட்டிகளை முடிந்தவரை காலை 10 மணியிலிருந்து மதியம் 3 மணிக்குள் ஏற்றட்டும். சூரிய மின்சாரம் பொங்கி வரும் நேரம் அது. தனியாக பேட்டரி வாங்க வேண்டாம், அந்தத் தொட்டியே பேட்டரி.

அப்புறம் புதிதாகக் கட்டும் ஜவுளிக்கடைகள், மண்டபங்கள். மேற்கு பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைத்துவிட்டு, உள்ளே ஏசியை 18-ல் ஓட்டுகிறார்கள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஏசியை 24-ல் வையுங்கள், டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும். மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் அன்றிரவே வித்தியாசத்தை உணர்வார்கள்.

பேனல் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் இரண்டு வருஷக் கரண்ட் பில்லை எடுத்து வைத்து, எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் எங்கே விழுகிறது என்று மாடியில் நின்று பாருங்கள், போட்டோவை நம்பாதீர்கள். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். "கரண்ட் போனா சோலாரும் போகுது" என்று அதற்காக யாரையும் திட்டாதீர்கள்.

அந்தக் குடியிருப்பில் இப்போது தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. மோட்டாரை மாற்ற அடுத்த கூட்டத்தில் பேசுகிறார்களாம். பேனலில் படிந்த உப்பைப் போக்க நல்ல தண்ணீர் ஊற்றி மெதுவாகத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். விடிகாலையில் மட்டும்தான் செய்ய வேண்டும், சூடேறிய கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயரில் மின்சாரம் இருக்கும். தயவுசெய்து அந்த வேலைக்குப் பிள்ளைகளை மேலே அனுப்பாதீர்கள்.