5 கிலோமீட்டர்தானே, அதிலென்ன கஷ்டம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் 5 கி.மீ. ஓடுகிறேன். இப்போது 24 நிமிடத்துக்குப் பக்கத்தில் முடிக்கிறேன். அலுவலகத்தில் சொன்னால் ‘எத்தனையாவது வந்தீங்க?’ என்கிறார்கள். இருநூறாவது என்றால் சிரிப்பு. பெரியப்பாவோ, ‘நான் தினமும் பீச்சுல அஞ்சு கிலோமீட்டர் நடக்கறேன்டா, இதுக்குப் போய் காசு கட்டணுமா?’ என்கிறார். இவர்களுக்கு அறிவியல் முறையில் ஒரு பதில் உண்டா?”

உண்டு. ஒரு 400 மீட்டர் மைதானமும் கைக்கடிகாரமும் இருந்தால் அந்தப் பதிலை எண்களாகவே எழுதிக் காட்டலாம்.

பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுபோக ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 70 கிலோ எடைக்காரர் 5 கி.மீ. ஓடி முடிக்க 350 கிலோகலோரி. நடந்தால் இதைவிடக் குறையும். ஆனாலும் நடையும் கணிசமான உழைப்புதான். பெரியப்பா அதை ஒரு மணி நேரத்தில் செலவழிக்கிறார். நம் வாசகர் 24 நிமிடத்தில் செலவழிக்கிறார். தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தசைக்கோ, ஒவ்வொரு நொடியும் எவ்வளவு சக்தி கேட்கிறார்கள் என்பதே கேள்வி.

தசை சுருங்க ஏடிபி என்ற சக்தி தரும் மூலக்கூறு வேண்டும், அதை உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு தயாரிக்கிறது, ஆக்சிஜன் போதாதபோது தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டினும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனும் கைகொடுக்கின்றன. பள்ளியில் படித்ததுதான், விரைவாகக் கடந்துவிடலாம். பள்ளியில் சொல்லித் தராத ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வேகம் இருக்கிறது. அதற்குக் கீழே உடல் ஒரு விதமாகவும், அதற்கு ஒரு துளி மேலே முற்றிலும் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை 2008-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் செய்தது. காந்த அதிர்வுக் கருவிக்குள் (எம்.ஆர்.ஐ. எடுப்பது போன்றது) ஆட்களைப் படுக்க வைத்து, ஒற்றைக் காலால் எடையை உதைத்து நீட்டச் சொன்னார்கள். உதைக்கும்போதே தொடைத் தசைக்குள் நடக்கும் வேதியியலைக் கருவி அளந்துகொண்டிருந்தது. எல்லைக்கு 10 சதவீதம் கீழே உழைத்தபோது பாஸ்போகிரியேட்டின் சற்று இறங்கியது, அமிலத்தன்மை சற்று ஏறியது, சில நிமிடங்களில் இரண்டும் அப்படியே நிலைத்து நின்றன. இருபது நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். எல்லைக்கு 10 சதவீதம் மேலே போனபோது எதுவுமே நிலைக்கவில்லை. பாஸ்போகிரியேட்டின் இறங்கிக்கொண்டே போனது. பாஸ்பேட்டும், அமிலத்தன்மையைக் கூட்டும் ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்துகொண்டே வந்தன. சராசரியாக 15 நிமிடத்துக்குள் கால் நின்றுவிட்டது. மேலே, கீழே என்ற இரண்டு நிலைகள்தான். நடுவில் சௌகரியமான இடம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் கணக்கு அழகாகிறது. வேகத்துக்கும் தாங்கும் நேரத்துக்கும் இடையே ஓர் ஒழுங்கான வளைவு இருப்பதை ஏ. வி. ஹில் 1925-லேயே உலகச் சாதனைகளின் நேரங்களை வைத்து வரைந்து காட்டினார். தசைச் சூட்டை அளந்ததற்காக நோபல் பெற்ற அதே ஹில். 1965-இல் மோனோ, ஷெரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த வளைவை இரண்டே எண்களாகச் சுருக்கினார்கள். முதல் எண் எல்லை வேகம். இரண்டாவது, எல்லைக்கு மேலே போகும்போது மட்டும் கரையும் ஒரு கையிருப்பு. மாதச் சம்பளமும் சேமிப்பும் மாதிரி: சம்பளத்துக்குள் வாழ்ந்தால் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை, மீறிய ஒவ்வொரு ரூபாயும் சேமிப்பிலிருந்து போகும். ஓட்டத்தில் இந்தச் சேமிப்பை மீட்டரிலேயே அளக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நம் வாசகருக்கே போட்டுப் பார்ப்போம். நன்றாகச் சூடேற்றிக்கொண்டு மைதானத்தில் 1200 மீட்டரை, அதாவது மூன்று சுற்றை, முழு முயற்சியுடன் ஓட வேண்டும். 5 நிமிடம் 6 நொடி ஆகிறது என்று வையுங்கள், 306 நொடி. இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு 3600 மீட்டர், ஒன்பது சுற்று, அதேபோல் முழு முயற்சி. 17 நிமிடம் 6 நொடி, 1026 நொடி. தூர வித்தியாசம் 2400 மீட்டர், நேர வித்தியாசம் 720 நொடி. வகுத்தால் நொடிக்கு 3.33 மீட்டர். கிலோமீட்டருக்கு 5 நிமிடம். இதுதான் அவருடைய எல்லை வேகம். அந்த வேகத்தில் 306 நொடி ஓடியிருந்தால் 1020 மீட்டர்தான் கடந்திருப்பார். ஓடியதோ 1200. கூடுதலாக வந்த 180 மீட்டர்தான் அவரது கையிருப்பு.

நூற்றெண்பது மீட்டர். மைதானத்தில் அரைச் சுற்றுகூட இல்லை. 5 கி.மீ. போட்டி முழுவதற்கும் அவரிடம் இருப்பது அவ்வளவுதான். 5000-இல் 180 போக மீதி 4820 மீட்டரை எல்லை வேகத்தால் வகுத்தால் 1446 நொடி, 24 நிமிடம் 6 நொடி. அவர் சொன்ன நேரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. சோதனையில் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு: 1200 மீட்டரில் முதல் சுற்றைப் பாய்ந்து ஓடிவிட்டுக் கடைசிச் சுற்றில் தளர்வது. அப்போது 1200-க்கான நேரம் நீண்டுபோய், கையிருப்பு உண்மையைவிடச் சிறியதாகவும் எல்லை வேகம் உண்மையைவிடக் கூடுதலாகவும் வரும். மூன்று சுற்றும் ஒரே சீராக ஓடினால்தான் எண்ணை நம்பலாம். இன்னொன்று, இந்தச் சூத்திரம் இரண்டு நிமிடம் முதல் அரை மணி வரையிலான ஓட்டங்களுக்கே பொருந்தும். மாரத்தானுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது, அங்கே கிளைகோஜன் தீர்வது தனிக் கதை.

இப்போது அலுவலக நண்பர் கேட்கிறார்: “இன்னும் கொஞ்சம் வேகமா ஓடினா என்ன? கிலோமீட்டருக்கு எட்டு நொடிதானே?” கிலோமீட்டருக்கு 4:48 என்ற வேகத்தில் போனால் ஒவ்வொரு நொடியும் எல்லையைவிடச் சுமார் 14 சென்டிமீட்டர் கூடுதல். கையிருப்பு ஏறத்தாழ 21½ நிமிடம் வரும், 4.5 கி.மீ. தூரம். 4:40-க்கு ஏற்றினால் கூடுதல் 24 சென்டிமீட்டர் ஆகிறது. கையிருப்பு 12½ நிமிடத்தில் காலி, 2.7 கி.மீட்டரிலேயே. வேகம் மூன்று சதவீதம்கூட ஏறவில்லை, தாங்கும் தூரம் நாற்பது சதவீதம் விழுந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு வேகமும் ஒன்றுதான். சாலையோரம் நின்று கைதட்டுபவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாததை அவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

தொடக்கத்தில் கூட்டத்தோடு அடித்துப் பிடித்து ஓடுபவருக்கு என்ன ஆகிறது என்பதையும் இதே எண்கள் சொல்லும். முதல் கிலோமீட்டரை அவர் 4:10-இல் ஓடிவிட்டால், அந்த 250 நொடியில் எல்லை வேகம் தந்திருக்கக்கூடியது 833 மீட்டர். மீதி 167 கையிருப்பிலிருந்து போயிற்று. பாக்கி 13 மீட்டர்; ஓட வேண்டியது இன்னும் நாலு கிலோமீட்டர். காகிதத்தில் மட்டும் பார்த்தால் அதன்பின் எல்லை வேகத்தை ஒட்டியே ஓடி அதே 24:06-இல் முடிக்கலாம். உடம்பில் அது நடப்பதில்லை. தசையில் பாஸ்பேட்டும் அமிலமும் உச்சத்தில் நிற்க, நெஞ்சு ஆக்சிஜனுக்குத் திணற, அந்த நிலையில் இருபது நிமிடம் யாராலும் நிற்க முடியாது. எல்லைக்கு வெகு கீழே இறங்கினால்தான் கையிருப்பு மெல்ல மீளும். ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டியதும் பலர் நடக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஜெயிக்கிறவரோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிறார்கள் என்றால் அந்த ஒப்பீட்டையும் செய்துவிடலாம். யுகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் 5000 மீட்டரை 12:35.36-இல் ஓடினார். மணிக்கு 23.8 கி.மீ. அவருடைய எல்லை வேகம் நம் வாசகரின் எல்லையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறவித் திறனும் பல ஆண்டுப் பயிற்சியும் கொடுத்தது. ஆனால் இருவருமே தத்தம் எல்லைக்கு மேலே ஓடுகிறார்கள், இருவரும் ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்சத்தை நெருங்குகிறார்கள், இருவரின் கையிருப்பும் கோட்டைத் தொடும்போது வற்றியிருக்கிறது. உலகச் சாதனையாளர் அந்த நிலையில் இருந்தது பன்னிரண்டரை நிமிடம். இருநூறாவதாக வந்தவர் இருந்தது இருபத்து நான்கு நிமிடம். ‘எத்தனையாவது’ என்ற கேள்விக்கான விடை அன்று யார் யார் ஓட வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அவரவர் எல்லையை எவ்வளவு நெருங்கினார் என்பதை அது தொடுவதே இல்லை.

சென்னை மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் இன்னொரு பாரமும் சேரும். தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. 70 கிலோ எடைக்காரர் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடினால் மணிக்கு 840 கிலோகலோரி. அதில் 640 அளவுக்கு வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியை எடுத்துப் போகும். ஆக, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெயில் இல்லைதான், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, தசைக்குப் போகும் பங்கு குறைகிறது, எல்லை வேகமே கீழே இறங்குகிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்று கண்ட கணக்கு புழுக்கத்தில் செல்லாது. நம் ஊரில் கையில் வைத்துக்கொண்டு திரியும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. பதக்கம் வாங்கும் சிலருக்காக மட்டும் விளையாட்டு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது போதாது. வேலைக்குப் போய்க்கொண்டு ஈரக்காற்றில் ஓடும் சாதாரண மனிதர்களை நம் கடற்கரைகளிலேயே வைத்து அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டி முடிந்த மறுநாள் வேறொரு பேச்சு வரும்: “லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் வலி.” விளையாட்டு ஆசிரியர்கள்கூட இன்னும் இதைச் சொல்லித் தருகிறார்கள். லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும், அதுவும் இதயத்துக்கும் மற்றத் தசைகளுக்கும் நல்ல எரிபொருளாகவே பயன்படும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதத்தால். பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. படியில் ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம் வலிப்பது அதே காரணத்தால்தான். ஞாயிறு காலை போட்டி ஓடியவரை மதியம் மண்டபத்தில் பந்தி பரிமாறக் கூப்பிடும் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கினால் புரிந்துகொள்வார்கள். முந்தைய இரவு பிரியாணியை ஏன் மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்: கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும், விடிந்தும் வயிற்றில் கனம் இருக்கும்.

சரி, பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவரை ஓடச் சொல்ல வேண்டாம். அவர் நடக்கும்போது கூடவே போய்ப் பேச்சுக் கொடுங்கள், வேகத்தை மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் பேச்சு துண்டு துண்டாக வரத் தொடங்கும் ஓர் இடம் உண்டு. எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் இடம் அது. “பெரியப்பா, இதுக்கும் மேல ஒரு படி போய், அங்கயே இருபத்து நாலு நிமிஷம் நிக்கணும். நான் ஓடறது அதுதான்” என்று அங்கேயே சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எதுவும் இருந்தால் இந்தச் சோதனைகூட மருத்துவரைக் கேட்டபிறகே.

“அடுத்த ஞாயிறு நானும் வர்றேன், அஞ்சுதானே” என்று கிளம்பும் அலுவலக நண்பரை வரவேற்கலாம், ஆனால் அடுத்த ஞாயிறுக்கு வேண்டாம். பயிற்சியே இல்லாதவர் பந்தயச் சூட்டில் கூட்டத்தோடு ஓடினால் வெப்பத்தாக்கு வரை போகக்கூடும். ஒன்பது வாரம் கேளுங்கள். முதல் வாரம் மூன்று நாள், ஐந்து நிமிட வேக நடைக்குப் பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். ஓடும் அந்த 60 நொடியிலும் பேச முடிகிற வேகமே போதும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வியர்வை சட்டென்று நின்றதுபோலவோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தி நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், உடனே மருத்துவ உதவிக்கும் ஆள் அனுப்ப வேண்டும்.