58 மில்லிமீட்டரில் ஒரு கருவிப்பெட்டி

சாவிக்கொத்தில் தொங்கும் மடக்குக் கருவிகளில் பலருக்கும் பழக்கமானது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் செய்யும் கிளாசிக் எஸ்டி. மூடினால் நீளம் 58 மி.மீ., எடை சுமார் 21 கிராம். அதற்குள் ஒரு சிறிய கத்தி, கத்தரிக்கோல், நுனியில் 2.5 மி.மீ. திருப்புளி கொண்ட நக அரம் ஆகியவை மடங்கிக் கிடக்கின்றன. பிளாஸ்டிக் பிடியின் ஓரத்தில் சாமணமும் பல்குச்சியும் செருகியிருக்கும். பெயரில் உள்ள 'எஸ்டி' ஸ்க்ரூடிரைவரைக் குறிக்கிறது. ஆனால் இந்தக் கருவி பின்தங்குவது அந்த ஸ்க்ரூடிரைவர் வேலையில்தான். வெட்டும் வேலையிலோ பெரிய கத்திக்கு அதிகம் சளைக்காது. இதற்குக் காரணம் எளிய இயற்பியல்.

வெட்டுவதற்குத் தேவை அழுத்தம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. நன்கு சாணை பிடித்த கத்தியின் விளிம்பு 2 மைக்ரான், அதாவது 0.002 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 செ.மீ. நீளம் மட்டும் பொருளைத் தொடுகிறது என்றால், தொடும் பரப்பு 0.02 சதுர மி.மீ. ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே அந்த இடத்தில் சதுர செ.மீ.-க்கு 5,000 கிலோ அழுத்தம் உண்டாகிறது. இந்தக் கணக்கில் பிடியின் நீளம் எங்கும் வரவில்லை. அதனால்தான் பார்சல் டேப், சாக்குத் தையல் நூல், பால் பாக்கெட், மாத்திரைப் பட்டை போன்றவற்றுக்கு இந்தக் குட்டிக் கத்தி போதும். பார்சலைத் திறக்கும்போது நுனியை 2, 3 மி.மீ.-க்கு மேல் இறக்க வேண்டாம். இறக்கினால் உள்ளிருக்கும் பொருளில் கீறல் விழும்.

திருகுவது வேறு சங்கதி. அங்கே வேண்டியது முறுக்கு விசை; அதாவது விசையை, அது செயல்படும் ஆரத்தால் பெருக்கினால் வருவது. சாதாரணத் திருப்புளியின் பிடி 30 மி.மீ. விட்டம் என்றால் ஆரம் 15 மி.மீ. நம் கருவியின் உடல் அகலம் ஏறக்குறைய 18 மி.மீ.; ஆரம் 9. அதே விரல் பலத்தைச் செலுத்தினாலும் ஐந்தில் மூன்று பங்கு முறுக்குத்தான் கிடைக்கும். தட்டையான, ஒல்லியான உடல் விரலை அறுப்பதால் அந்தப் பலத்தையும் முழுதாகச் செலுத்த முடியாது.

ஸ்டார் ஸ்க்ரூவில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. தட்டை நுனி, நான்கு பள்ளங்களில் எதிரெதிரான இரண்டைத்தான் பிடிக்கும். பள்ளங்களின் சுவர் சரிவாக இருப்பதால், திருகும்போது நுனி மேலே தள்ளப்படும். வழுக்கினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோகும். ஆகவே முதலில் நேராக அழுத்துங்கள், அழுத்தம் குறையாமல் கால் சுற்று திருப்புங்கள். அசையவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டுச் சரியான திருப்புளியைத் தேடுங்கள். ரிமோட், பொம்மை இவற்றின் பேட்டரி மூடிக்கு இது நன்றாக உதவும். மூக்குக்கண்ணாடி மூட்டில் ஸ்க்ரூ குழிக்குள் இருந்தால் 2.5 மி.மீ. நுனி உள்ளே நுழையாது. முறுக்கு போதவில்லையே என்று அரத்தைப் பாதி திறந்து, உடலையே நெம்புகோலாகப் பிடித்துத் திருகுவதும் கூடாது. பக்கவாட்டு விசை முழுவதையும் ரிவெட் தாங்க வேண்டியிருக்கும். நாளடைவில் கருவி ஆட்டம் கண்டுவிடும்.

கவனிக்கத்தக்கது எஃகின் கடினத்தன்மை. விக்டோரினாக்ஸ் தன் கத்திகளின் அலகை ராக்வெல் அளவில் 56-க்குப் பதப்படுத்துகிறது. கத்தரிக்கோலும் நக அரமும் 53, திருப்புளிகள் 52, ஸ்பிரிங் 49. ராக்வெல் சி சோதனையில் வைரக் கூம்பை 150 கிலோ விசையில் எஃகுக்குள் அழுத்தி, பதிந்த ஆழத்தை அளக்கிறார்கள். 100-லிருந்து ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழத்துக்கும் ஓர் எண் குறையும். 56 என்றால் 0.088 மி.மீ. பதிந்திருக்கிறது. கடினம் கூடினால் கூர்மை நிலைக்கும், ஆனால் வளைத்தால் ஒடியும். கடினம் குறைந்தால் வளைந்து மீளும். ஸ்பிரிங் ஆயிரக்கணக்கான முறை வளைய வேண்டியது, கத்தி வளையவே கூடாதது. டப்பா மூடியைக் கத்தி நுனியால் நெம்பினால் நுனி ஒடிவது இதனால்தான். நெம்பியே ஆக வேண்டும் என்றால் திருப்புளி நுனியைப் பயன்படுத்துங்கள், அதுவும் லேசாக.

இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதியில் தட்டையான முகங்கள் உண்டு. முதுகு ஸ்பிரிங் அவற்றின் மேல் அழுந்திக்கொண்டிருக்கும். முழுதாகத் திறந்தாலும் முழுதாக மூடினாலும் ஸ்பிரிங் ஒரு முகத்தில் படிந்து நிற்கிறது. இடைப்பட்ட நிலையில் அடிப்பகுதியின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்குகிறது. மூலை தாண்டியதும் 'டக்' என்று அலகு அடுத்த நிலைக்குத் தாவுகிறது. நீங்கள் முதுகுப் பக்கமாக அழுத்தினாலும் இதே தாவல் நடக்கும், அலகு விரல் மேலேயே மடங்கும். குத்துவதும் துளை போடுவதும் இந்தக் கத்திக்கு உரிய வேலைகள் அல்ல. இழுத்து வெட்டுங்கள்.

கத்தரிக்கோலில் தடித்த நூலைக் கூர்நுனியில் வைக்காமல் மூட்டுக்கு அருகில் வையுங்கள். மூட்டுக்கும் நூலுக்கும் உள்ள தூரம் குறைவதால் அதே விரல் விசை அங்கே பல மடங்காகும். விட்டதும் திறக்க வைப்பது ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங். அது ஒடிந்தால் தனியாக வாங்கி மாற்றலாம்.

சாமணத்தால் முள் எடுக்கும்போது, முள் எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் பாதியில் முறியும். பல்குச்சி பிளாஸ்டிக் என்பதால் மின்சாரம் கடத்தாது. அணைத்து வைத்த போனின் சார்ஜர் துளையில் அடைந்த பஞ்சை எடுக்க ஊசியைவிட இது பாதுகாப்பானது.

எஃகில் சுமார் 15 சதவீதம் குரோமியம் இருந்தாலும், உப்பு தங்கினால் துரு வரும். சட்டைப்பை வியர்வையும், உப்பு தொட்ட மாங்காய் நறுக்கியதில் மிஞ்சிய ஈரமும் ரிவெட்டைச் சுற்றித்தான் ஒளிந்துகொள்ளும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கருவியை நீருக்குள்ளேயே பத்து முறை திறந்து மூடுங்கள். பஞ்சும் தூசியும் வெளியேறும். நன்றாகக் காய்ந்தபின் மூட்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். பழம் நறுக்குவீர்கள் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.

சாணை பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 15 டிகிரி சாய்வு. அலகு 8 மி.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 2 மி.மீ. தூக்கினால் அந்தச் சாய்வு வந்துவிடும்.

சாவி வளையத்தில் நேரடியாக மாட்டாமல், கழற்றக்கூடிய சிறு கொக்கியில் மாட்டுங்கள். நான்கு சாவிகள் தொங்கும்போது கத்தரிக்கோலை நேராகப் பிடிக்க முடியாது. பல நாடுகளில் விமானத்தில் இதைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்; பாதுகாப்புச் சோதனைக்குப் போகுமுன் கொக்கியிலிருந்து கழற்றி, செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடலாம்.