சாதி: பாரைக்கும் மனிதருக்கும் ஒரே சொல்

திருகோணமலை மீன் சந்தையில் "இது என்ன சாதிப் பாரை?" என்று கேட்டால் வியாபாரி முகம் சுளிக்கமாட்டார். செதிலைச் சுரண்டிக்கொண்டே வாலின் மஞ்சளைக் காட்டிப் பெயரும் சொல்வார், விலையும் சொல்வார். கல்யாணப் பேச்சில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. குரலைத் தாழ்த்தி, "அவர்கள் என்ன ஆட்கள்?" என்பார்கள்.

சந்தை வழக்கு மிகப் பழையது. தொல்காப்பிய மரபியலில் வரும் 'நீர்வாழ் சாதி' நீரில் வாழும் உயிர்வகையைத்தான் குறிக்கிறது. சொல்லின் வேர் வடமொழி: 'ஜன்' என்றால் பிறத்தல், 'ஜாதி' என்றால் பிறப்பு. வருணம் வேறு, அது நூல்கள் வகுத்த நான்கு. சாதிகளோ ஆயிரக்கணக்கில், ஊருக்கு ஊர் மாறுபவை. ஆங்கிலத்தின் 'காஸ்ட்' போர்த்துக்கேயரின் 'காஸ்டா'விலிருந்து போனது. கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் இங்கே கோட்டை கட்டினார்களே, அதே போர்த்துக்கேயர்தான்.

மும்மொழி ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிங்களத்தில் 'ஜாதிய' என்று கேட்டால் 'தமிழ்' என்று பதில் சொல்ல வேண்டும். அங்கே அதன் பொருள் இனம். சாதிக்கு அவர்கள் சொல்வது 'குலய'. இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையும் இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் இனம், சாதி இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன. தீண்டாமையை ஒழித்தது இந்தியாவின் 17ஆம் உறுப்புரை.

'சாதி' வடமொழி என்றால், அதற்கு நேரான தமிழ்ச் சொல் எது? 'குடி' என்பார் பலர். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையும் புறநானூறு குடி என்றுதான் சொல்கிறது. ஆனால் இங்கிருந்து தெற்கே மட்டக்களப்புக்குப் போனால் இந்தப் பரிந்துரை கவிழ்ந்துவிடும். அங்கே குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். ஒரு சாதிக்குள்ளேயே பல குடிகள் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. மரபுப்படி ஒரே குடிக்குள் பெண் எடுக்கக் கூடாது. சாதியோ தனக்குள்ளேயே எடுக்கச் சொல்வது. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே மீனுக்கு 'வகை' என்று தாராளமாக எழுதலாம். மனிதர் விடயத்தில் நான் 'சாதி' என்றே எழுதுகிறேன். 'சமூகம்' என்று மெழுகினால், எந்தப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள் என்பதே வாசிப்பவருக்கு விளங்காது. அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்கள் – பெயர்ச்சொல், மனிதர்கள், கல்யாணப் பேச்சில், சாதி.