விவாகரத்து ஆன கத்தோலிக்கர்கள் கோயிலில் மறுமணம் செய்யலாமா? மனு போடுவதற்கு முன் படியுங்கள்

விவாகரத்து ஆன பிறகு பதினோரு வருடம் நற்கருணை (பூசையில் தரும் புனித அப்பம்) வாங்காமலே இருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் வரிசையில் போகும்போது காலை ஒதுக்கி வழிவிடுவார், அவர் எழுந்திருக்க மாட்டார். அவர் மறுமணம் செய்யவில்லை, யாருடனும் சேர்ந்து வாழவுமில்லை. 'விவாகரத்து வாங்கினவங்க நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது' என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். அப்படி ஒரு சட்டமே கிடையாது. முதல் திருமணப் பந்தம் நிற்கும்போது இன்னொருவரோடு குடும்பம் நடத்தினால்தான் சிக்கல் வருகிறது. நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றதால் மட்டும் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற இருவர் முறையாக மணந்து கூடி வாழ்ந்துவிட்டால், அந்தப் பந்தத்தை மனித அதிகாரம் எதுவும் முறிக்க முடியாது என்பது கத்தோலிக்கப் போதனை. மறைமாவட்டத் தீர்ப்பாயம் (ஆயரின், அதாவது பிஷப்பின் கீழ் இயங்கும் திருச்சபை நீதிமன்றம்) திருமணத்தை முறிப்பதில்லை. கல்யாண நாளில் ஏதோ ஒரு அடிப்படைக் குறை இருந்தது, அதனால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் போடுவதுதான் மனு; அது கிடைத்தால் கோயிலில் மறுமணம் செய்யலாம்.

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். மனுவில் பத்துப் பக்கம் எழுதுவார்கள்: குடித்தார், அடித்தார், எட்டாவது வருடம் வேறொருத்தியோடு போனார். எல்லாம் உண்மையாக இருக்கும். ஆனால் தீர்ப்பாயம் கேட்பது, சம்மதம் சொன்ன அன்று என்ன நிலை என்பதை. வீட்டார் மிரட்டிக் கட்டிவைத்தார்களா? பெரிய விஷயம் எதையாவது மறைத்து ஏமாற்றினார்களா? குழந்தையே வேண்டாம், அல்லது பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று முன்பே முடிவு செய்திருந்தாரா? திருமணக் கடமைகளை ஏற்கவே முடியாத அளவுக்கு மனநலப் பிரச்சினை அப்போதே இருந்ததா? பின்னால் நடந்தவை இதற்கு ஆதாரமாக மட்டுமே உதவும். அதனால் நிச்சயம் ஆனதிலிருந்து முதல் சில மாதங்கள் வரை நடந்ததை முதலில், விரிவாக எழுதுங்கள்.

சாட்சிகளும் அப்படித்தான். இப்போதைய பக்கத்து வீட்டுக்காரர் பாவம், நல்லவர்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன் உங்களை அவருக்குத் தெரியாது. அந்த நாளில் கூட இருந்த அத்தை, தோழி, அண்ணன் போன்றவர்களைக் கொடுங்கள். முன்கூட்டியே அவர்களிடம் பேசிவிடுங்கள். சாட்சிக்குப் போன கடிதம் பதிலில்லாமல் கிடந்ததால் மாதக்கணக்கில் நின்ற வழக்குகள் உண்டு.

அடுத்தது அலைக்கழிப்பு. 'கல்யாணம் எங்கே நடந்ததோ அங்கே போய்க் கேளுங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வராதீர்கள். 2015இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த திருத்தத்தின்படி திருமணம் நடந்த இடம், இருவரில் ஒருவர் வசிக்கும் இடம், பெரும்பாலான ஆதாரங்கள் திரட்ட வேண்டிய இடம் ஆகிய மூன்றில் எங்கும் மனு போடலாம். நீங்கள் வசிக்கும் மறைமாவட்டமே போதும். மனுவை வாய்வழி விசாரிப்பாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்ட தேதியோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகியும் ஏற்றோம், மறுத்தோம் என்று ஒன்றும் சொல்லாவிட்டால், திருச்சபைச் சட்டத்தின் 1506ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நினைவூட்டிக் கடிதம் எழுதலாம். அதற்கும் பத்து நாள் மௌனம் என்றால் மனு ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தேதி போட்ட நகல் இல்லாமல் இதையெல்லாம் பேச முடியாது.

'அவர் கையெழுத்துப் போட மாட்டார், அதனால் நடக்காது' என்பதும் தவறு. எதிர்த்தரப்புக்கு முறைப்படி அறிவிப்பு போக வேண்டும். பதில் சொல்லாவிட்டாலும் வழக்கு நடக்கும். அதற்காக, அவர் முகவரி தெரிந்தும் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். அவருக்குத் தற்காப்பு உரிமை மறுக்கப்பட்டது என்று வந்தால் தீர்ப்பே செல்லாமல் போகும். அடிக்குப் பயந்து ஒதுங்கி வாழ்பவர்கள், தங்கள் முகவரியை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

ஆயரே விசாரிக்கும் குறுகிய வழக்கு இருக்கிறது, சில வாரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். அதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும், ஆதாரமும் பளிச்சென்று இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரண வழக்குதான். முதல் விசாரணை ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பணம் பற்றித் தயங்காமல் முதலிலேயே கேளுங்கள். முடிந்தவரை இலவசமாக நடத்த வேண்டும் என்பதே 2015 திருத்தத்தின் நோக்கம். வசதி இல்லாதவர் கட்டணக் குறைப்போ முழு விலக்கோ கேட்டு எழுதலாம்.

'பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆகிவிடுவார்களே' என்ற பயத்திலேயே பல தாய்மார்கள் மனு போடுவதில்லை. ஆக மாட்டார்கள். பெற்றோரில் ஒருவராவது திருமணம் செல்லும் என்று நம்பி மணந்திருந்தால், பிறகு என்ன தீர்ப்பு வந்தாலும் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. இன்னொன்று: திருச்சபைத் தீர்ப்பு அரசு விவாகரத்து ஆகாது. ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் நீதிமன்றத்தில்தான்.

கோயிலில் இல்லாமல், கோயில் திருமண முறையிலிருந்து திருச்சபையிடம் எந்த விலக்கும் பெறாமல், பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்த கத்தோலிக்கருக்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை. திருச்சபை முறையே இல்லாததால் அது ஆவணங்களை வைத்தே தீரும். பங்குத்தந்தை வழக்கே போடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

சாதகமான தீர்ப்பு வந்துவிட்டதா? 2015க்கு முன் இரண்டு தீர்ப்புகள் ஒத்துப்போக வேண்டும், இப்போது ஒன்று போதும். ஆனால் மேல்முறையீட்டுக்கான 15 நாள் முடிந்தாக வேண்டும். அப்புறம் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தீர்ப்பாயத்தைக் கேட்காமல் மறுமணம் செய்யக் கூடாது என்று ஒரு தடை அங்கே இருக்கலாம். அழைப்பிதழ் அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு அந்த ஒரு வரியைப் பார்த்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். தடை நீங்க மேலும் ஐந்து மாதம் ஆனது, முன்பணம் திரும்பி வரவில்லை.